எல்லாவற்றுக்கும் ஐந்து

1

அந்தப் படிவம் இந்த வருடமும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. ஹம்பர்க்கில் வழக்கம்போல மழை. ரயிலில் நின்றபடியே கைப்பேசியைத் திறந்தால் முதல் மெயிலே அதுதான். ‘வேலையிடத்தில் நிச்சயமின்மையை நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள்? உங்களை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.’ மொத்தம் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது என்று பொருள். ஐந்து என்றால் அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கீழே ஒரு சூரியகாந்திப் பூ வரைந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று வேறு எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சூரியகாந்தியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், தமிழில்தான், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். காலை வணக்கம் சொன்னதாக நினைத்திருப்பார். நானும் தலையசைத்துவைத்தேன்.

ஒரு காகிதத்துக்கா இத்தனை கோபம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். போன வருடம் இதே படிவத்தில் நான் செய்த ஒரு காரியத்தால் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மேல்மாடி மூடப்படும் நிலைக்கு வந்திருக்கிறது. அந்த மாடியில் போன வருடம் வரை அறுபது டெய்லர்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருப்பவள் செல்வி. எனக்கு இந்த உலகத்தில் தோழி என்று சொல்ல ஒருத்தி உண்டென்றால் அவள்தான். கோபம் கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி. எது பெரிய பாதி என்று இதை எழுதி முடிக்கும்போதாவது தெரிகிறதா பார்க்கலாம்.

2

செல்வியும் நானும் திருப்பூரில் ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கும், அங்கே தைத்துக் கொடுக்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்துக்குச் சம்பளம் கொடுத்தால் அது மெர்ச்சண்டைசர். நான் உள்ளூர். தறி ஓட்டிக்கொண்டிருந்து பனியனுக்கு மாறிய குடும்பம். அவள் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு பிழைக்க வந்தவள். நான் எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்று சொல்வதைக் கேட்டு, “பூனைக்குட்டிக்கும் மரியாதை குடுப்பியாட்டி?” என்று கேலி செய்வாள்.

அந்த வேலையில் எழுதிவைத்த விதி ஒன்று உண்டு. துணியின் நிறத்தையும் சட்டையின் அளவையும் பார்த்து பையர் ‘சரி’ என்று மெயில் அனுப்ப வேண்டும். அப்ரூவல் என்போம். அது வந்த பிறகுதான் துணியில் கத்தியை வைக்கலாம். எழுதிவைக்காத விதியும் ஒன்று உண்டு. அப்ரூவல் வருவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். ஏனென்றால் அவர்கள் அதை இரண்டு வாரம் தாமதமாக அனுப்புவார்கள், கப்பல் தேதியை மட்டும் இரண்டு நாள்கூடத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கட்டிங் மாஸ்டர் மேசைக்கு வந்து நிற்பார். “அம்மணி, அப்ரூவல் வந்துருச்சுங்களா?”

“வந்துருமுங்க மாஸ்டர். நீங்க போட்ருங்க.”

அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை நம்பி நாலாயிரம் சட்டைக்கான துணி வெட்டப்படும். ஒருமுறை அப்படி வெட்டி முடித்த மறுநாள் மெயில் வந்தது, கழுத்துப் பட்டியைக் கால் அங்குலம் குறையுங்கள் என்று. நானும் செல்வியும் கட்டிங் தளத்தில் தரையில் உட்கார்ந்து பட்டிகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொடுத்தோம். மாஸ்டர் ஒரு வார்த்தை எங்களைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வெட்டினார். கப்பல் தேதிக்குச் சரக்கு போய்விட்டது. பையர் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினான். நாங்கள் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒட்டினோம்.

எங்கள் ஊரில் ‘முடியாது’ என்பது ஒரு பதில் இல்லை, அது மரியாதைக் குறைவு. பையர் எதைக் கேட்டாலும் முதலாளி சொல்வது ஒரே சொல்தான்: “பண்ணிர்லாங்க.” எப்படிப் பண்ணுவது என்று பிறகு யோசிப்பார். யோசிப்பது அவர், தூக்கத்தைத் தொலைப்பது தைக்கிறவர்கள். அதையே ஒரு திறமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். நானும்தான்.

3

இந்த ஹம்பர்க்குக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. திருப்பூரில் துணி வாங்குகிற ஒரு கம்பெனி, அந்த ஊர் நெளிவுசுளிவு தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை அழைத்துக்கொண்டது. அதாவது பையர் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டேன். கணவர் இங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். மகள் நிலா நாலு வயதில் வந்தவள், இப்போது பதினாறு.

நிச்சயமின்மை பற்றி எனக்கு இவர்கள் பாடம் நடத்தத் தேவையில்லை. போன வருடம் என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோது, அலுவலகத்தில் அதிகாரியைப் பார்க்க ஐந்து மாதத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அதுவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் கற்பனைச் சான்றிதழ். நான் இங்கே இருக்க உரிமை உள்ளவள் என்று தற்போதைக்குக் கற்பனை செய்துகொள்கிறார்களாம். அந்தக் கற்பனையைக் காட்டித்தான் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். வீட்டுக்காரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தேன்.

அதனால் போன வருடம் முதன்முதலாக இந்தப் படிவம் வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருப்பூர்க்காரிக்கு இவர்கள் தேர்வு வைக்கிறார்களாம். கேள்விகளைப் பாதி படித்தேன், பாதி படிக்கவில்லை. இருபதுக்கும் ஐந்து. நூற்றுக்கு நூறு.

அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் பிரிவுத் தலைவி கிளாவ்டியா தன்னுடையதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். “என் சராசரி இரண்டு. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் எனக்கு வயிறு வலிக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை, மதிப்போடு சிரித்தார்கள். இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு இவள் எப்படித் தலைவி ஆனாள் என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வீட்டில் நிலா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவள் தமிழ் இப்போது பாதி வழியில் நின்றுபோகிற தமிழ். “நான் போட்டா எல்லாம் ரெண்டுதாம்மா வரும்” என்றாள்.

“அதை வெளியில சொல்லிட்டுத் திரியாத கண்ணு.”

“ஏன்? அது என்ன... நோயா?”

போய்ப் படி என்றேன்.

4

அடுத்த மாதம், எங்களுக்குத் தைத்துத் தருகிற கம்பெனிகளில் இருக்கும் முக்கியமான ஆள்களும் இதே படிவத்தை நிரப்ப வேண்டும் என்று முடிவானது. திருப்பூருக்கு என்னை அனுப்பினார்கள். மொழி தெரியும், ஆள் தெரியும்.

முதலிபாளையத்தில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான் அந்த பனியன் கம்பெனி. செல்வி இப்போது அங்கே மேல்மாடி முழுக்கப் பொறுப்பு. முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாங்க அம்மணி, ஊட்ல எல்லாம் சௌக்கியங்களா?” இளநீர் வந்தது. படிவத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல் கேட்டார்: “இதுல எத்தன போட்டா உங்க கம்பெனிக்குப் புடிக்குமுங்க?”

இந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தக் காகிதமும் ஆடிட்தான். ஆடிட்டுக்கு முன்தினம் டெய்லர்களை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்போம். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க? ஆறு மணிக்குங்க. ஞாயிற்றுக்கிழமை லீவா? ஆமாங்க. தப்பாகச் சொன்னவர்களை மறுபடி சொல்லவைப்போம். அந்த ஒத்திகையை எத்தனையோ முறை நானே நடத்தியிருக்கிறேன். முழு மார்க் எடுத்தால் ஆர்டர், குறைந்தால் போச்சு. வேறு கணக்கு எங்களுக்குத் தெரியாது.

“அஞ்சுங்க” என்றேன். யோசிக்கவே இல்லை. எழுதாத விதி எத்தனை வருடமானாலும் உடம்பை விட்டுப் போகாது போலிருக்கிறது.

கேன்டீனில் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படித்தேன். ‘கடைசி நேரத்தில் திட்டம் மாறினாலும் என்னால் பதற்றமில்லாமல் வேலை செய்ய முடியும்.’ அங்கிருந்த கட்டிங் மாஸ்டர் சிரித்துவிட்டார். “மாறாம என்னிக்குங்க இருந்துருக்குது?” எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் ஐந்து போட்டார்கள்.

செல்வி மட்டும் பேனாவை மூடியபடியே வைத்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

“ஏட்டி, நெசத்தப் போடவா, நல்லதப் போடவா?” என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை.

“அஞ்சு போட்ரு புள்ள. கண்ண மூடிட்டுப் போட்ரு. உங்க கம்பெனிக்குத்தான் நல்லது.”

பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு மேலிருந்து கீழே வரை ஐந்து ஐந்தாகப் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் கணவருக்குப் பனியன் வாங்கக் காதர்பேட்டைக்குப் போனேன். ஒரு தள்ளுவண்டியில் கழுத்து லேபிளை வெட்டியெடுத்த குழந்தைகள் சட்டைகள் குவிந்துகிடந்தன. வெள்ளைக் கரடிப் படம், கீழே ஜெர்மனில் மூன்று சொற்கள்: எல்லாம் சரியாகிவிடும். எனக்கு அந்தக் கரடியைத் தெரியும். ஆறு மாதம் முன்பு, கரடி இந்த வருடம் ஓடாது என்று மேலே சொன்னார்கள், ஆர்டரைப் பாதியாகக் குறைத்து மெயில் அனுப்பியது நான். அதற்குள் சட்டை தைத்து முடிந்திருந்தது.

“எடுத்துக்கங்கக்கா, எக்ஸ்போர்ட் பீசு” என்றார் வண்டிக்காரர். ஒன்று வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் நிலா அந்தச் சொற்களை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். கண்ணாடி துடைக்கிற துணியாக இப்போது அவள் மேசையில் கிடக்கிறது.

5

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. முதலில் எனக்கு. நூற்றுக்கு நூறு வாங்கியதால் எனக்கு இனிமேல் சொந்த மேசை கிடையாது. மாற்றங்களை நன்றாகத் தாங்குகிறவள் என்பதால், தினமும் எங்கே இடம் காலியோ அங்கே உட்கார வேண்டும். இரண்டு வாங்கிய கிளாவ்டியாவுக்கு ஜன்னலோர மேசை, பூந்தொட்டி, பெயர்ப்பலகை. நான் காபிக் கோப்பையைக் கைப்பையில் சுமந்துகொண்டு காலையில் இடம் தேடுகிறேன். போகட்டும், மேசைதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு கம்பெனிகளின் பட்டியல் வந்தது. மதிப்பெண் குறைவாக வந்த கம்பெனிகளுக்கு ஆறு மாத ஆர்டர் முன்கூட்டியே உறுதி. அவர்களால் தாங்க முடியாதாம், பாவம். மதிப்பெண் அதிகமாக வந்தவை இன்னொரு பட்டியலில். அவற்றுக்கு எதுவும் உறுதி கிடையாது. தேவை வரும்போது கேட்போம், கடைசி வாரம் வரை எண்ணிக்கையை மாற்றுவோம். அந்தப் பட்டியலின் உச்சியில் முதலிபாளையம். பதினேழு பேர், ஒருவர் விடாமல் ஐந்து.

கிளாவ்டியாவிடம் போய் நின்றேன். இது அநியாயம் என்றேன். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னதுதானே? மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நாம் மதிக்க வேண்டாமா?”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர்கள் சொல்லவில்லை, நான் சொல்லவைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது. கையில் கற்பனைச் சான்றிதழ். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து, அன்றைக்குக் கிடைத்த காலி மேசையில் உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலை முதலாளிக்கு அனுப்பியதும் நான்தான். பதில் உடனே வந்தது: பண்ணிர்லாங்க அம்மணி.

என் மதிய இடைவேளை நேரம் திருப்பூரில் சாயங்கால டீ நேரம். செல்வி அப்போதுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

“திங்கக்கெழம ஆளுகள வரச்சொல்லுதோம். வந்து மிசின்ல ஒக்காந்த பெறகு, கட்டிங் வரல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுதோம். புதங்கெழம ஒங்க ஆளுக நம்பர் அனுப்புவாவ. ஒடனே ஓடு, ஞாயித்துக்கெழமயும் வான்னு நாந்தான் கூப்புடணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கூப்புட?”

தைக்கிறவர்களுக்கு வேலை செய்த ஷிப்ட்டுக்குத்தான் கூலி. திருப்பி அனுப்பிய நாளுக்கு என்ன கிடைக்கும்? பஸ்ஸுக்கு ஆன செலவுதான். ஒருவர் பின் ஒருவராக வேறு கம்பெனிக்குப் போகத் தொடங்கினார்கள். போனவர்களைத் திட்டவும் முடியாது. எங்களுடைய ஆர்டர் மறுபடி பெரிதாக வந்தபோது மெஷின் இருந்தது, உட்கார ஆள் இல்லை. சரக்கு தாமதம். உடனே இங்கிருந்து எச்சரிக்கை மெயில். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான். தாங்குகிறவன் தலையில் இன்னும் ஒன்று வை. அதையும் தாங்கினால் இன்னும் ஒன்று. விழுந்தால், தாங்குவேன் என்று நீதானே சொன்னாய்?

போன மாதம் முதலாளி செல்வியிடம் சொல்லிவிட்டார். ஆடி முடிகிற வரை பார்ப்பது. இந்த முறையும் உறுதியான ஆர்டர் இல்லையென்றால் மேல்மாடியை மூடிவிட்டு மெஷின்களை வேறு ஆளுக்கு விட்டுவிடுவது. மிச்சம் இருக்கிற டெய்லர்களிடம் அதைச் சொல்ல வேண்டியவள் செல்வி. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவளும் அவள்தான்.

6

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரே நிலா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் கேள்வி, அதே கேள்வி. கடைசி நேரத்தில் திட்டம் மாறினாலும்.

விரல் தானாக ஐந்துக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை நடந்த பிறகும் அது ஐந்துக்குத்தான் போனது. ஒன்று என்று போட்டால் யாரோ வந்து காதைப் பிடித்துத் திருகுவார்கள் என்பதுபோல ஒரு பயம்.

“என்னம்மா, அதையே பாத்துட்டு இருக்க?” என்றாள் நிலா.

சொன்னேன். முதலிபாளையத்தை, பதினேழு ஐந்துகளை, செல்வி அத்தையை, எல்லாவற்றையும் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். பாதி தமிழ் அவளுக்குப் புரியாதபோது ஜெர்மனில் சொன்னேன். என் ஜெர்மன் திக்கியபோது அவள் எடுத்துக்கொடுத்தாள். கேட்டு முடித்துவிட்டு அவள் செல்வியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானா நீ கத்துவ. நான் போன் எடுக்கலன்னா அழுவ. ஆபீஸ்ல மட்டும் எப்படிம்மா அஞ்சு?”

கோபம் வந்தது, அவள் மேல். இந்த ஊர் வளர்த்த திமிர் என்று நினைத்தேன். என் பெண் என்னைவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வயிற்றில் இருப்பதை அப்படியே வாயில் சொல்லிவிடுகிற ஊருக்கு அவள் போயிருக்கிறாள். நானோ இரண்டு ஊருக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவள் கேட்டது சரியான கேள்வி.

முதல் கேள்விக்கு ஒன்று போட்டேன். இருபதையும் ஒழுங்காகப் படித்துப் போட்டேன். ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்தது. ஒரே ஓர் இடத்தில் மூன்று.

கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. போன வருடம் அதில் ‘நன்றி’ என்று எழுதியிருந்தேன். இந்த முறை இப்படி எழுதினேன்: ‘சென்ற ஆண்டு முதலிபாளையத்திலிருந்து வந்த பதினேழு படிவங்களிலும் இருந்தவை அவர்களுடைய பதில்கள் அல்ல. எல்லாவற்றுக்கும் ஐந்து போடுங்கள் என்று சொன்னது நான். அந்தப் பதில்களை வைத்துப் போட்ட பட்டியல் தவறு. அதைத் திருத்துங்கள்.’ நிலா ஜெர்மனில் இரண்டு பிழைகளைத் திருத்திக்கொடுத்தாள். “அனுப்பினா உன் வேலை போகுமா?” என்றாள்.

“தெரியல கண்ணு.”

“சரி” என்றாள். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அனுப்பினேன்.

மறுநாள் காலை கிளாவ்டியாவிடமிருந்து ஒரே வரி. வியாழக்கிழமை பத்து மணிக்கு நாம் பேச வேண்டும், மனிதவளத் துறையிலிருந்தும் ஒருவர் வருவார். எப்போதும் கடைசியில் போடுகிற சிரித்த முகத்தை இந்த முறை போடவில்லை.

7

புதன்கிழமை மதியம் அலுவலகத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக் கூரைக்கடியில் நின்று செல்வியைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது, ஆனால் முன்பு கேட்கிற அளவுக்கு இல்லை. ஏழெட்டு மெஷின் ஓடுகிற சத்தம்தான்.

செய்ததைச் சொன்னேன். நாளை என்னைக் கூப்பிட்டிருப்பதையும் சொன்னேன். “அப்படியா” என்றாள். பாராட்டுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“இந்த வருசப் படிவமும் உங்களுக்கு வரும் புள்ள” என்றேன். “இந்த வாட்டி ஒண்ணு போட்ரு. எல்லாத்தையும் ஒண்ணு போடச் சொல்லு.”

“முதலாளி அஞ்சுதான் போடணும்னு சொல்லுதாவ.”

“அவரு கெடக்கறாரு. நான் சொல்றேன், ஒண்ணு போடு.”

அவள் வெடித்துவிட்டாள்.

“நீ சொல்லுத! போன வருசம் அஞ்சு போடுன்ன. இப்ப ஒண்ணு போடுன்னு சொல்லுத. நீ ஒண்ணு போட்டா ஒனக்கு மீட்டிங் வைக்காவ. நாங்க ஒண்ணு போட்டு, இவுங்களால முடியாதாம்னு ஆர்டரே நிறுத்திட்டா? யாருட்ட போய் நிக்க? அன்னைக்கும் நாந்தான் ஒங்கிட்ட கேட்டேன், நெசத்தப் போடவா நல்லதப் போடவான்னு. நீ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல சுமதி. ஒனக்கு எப்படி இருக்கு செல்வின்னு ஒரு வார்த்த கேட்டியா?”

பஸ் வந்து நின்று, கதவு திறந்து, யாரும் ஏறாமல் போய்விட்டது. ஆறு வருடம் ஒரே மேசை. பன்னிரண்டு வருடமாகப் போன். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கட்டிங் மாஸ்டரிடம் ‘போட்ருங்க’ என்று சொன்ன அதே வாயால் அவளிடமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கோபத்தில் எது பெரிய பாதி என்று கேட்டிருந்தேனே, என் மேல் இருக்கிற இந்தப் பாதிதான்.

“இப்பக் கேக்கறேன்” என்றேன். “எத்தன போடறதுன்னு நான் சொல்லல. என்ன ஆகும்னும் எனக்குத் தெரியல. கேக்கட்டுமா?”

அவள் போனை வைக்கவில்லை. காலையில் அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்துவைத்திருந்த படிவத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். ஓரம் நனைந்திருந்தது. முதல் கேள்வியைத் தமிழில் மெதுவாகப் படித்தேன். கடைசி நேரத்தில் திட்டம் மாறினாலும் என்னால் பதற்றமில்லாமல் வேலை செய்ய முடியும். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மெஷின் நின்றது. இன்னொன்றும் நின்றது. யாரோ எதையோ கேட்டார்கள். “இருங்க, வாரேன்” என்று அவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்.

“ஒண்ணு” என்றாள் செல்வி. “எழுதிக்கிட்டியா? அடுத்தது கேளு.”